ஆடு பார்க்க நின்றவள்

என் தங்கைக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. ஐந்து வயதில் நெஞ்சைத் திறந்து, ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்கு ரத்தம் போகும் குறுகலான வழியை அகலமாக்கினார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. அந்த வழியிலுள்ள வால்வு ஒழுகுகிறது, புதிது வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியே புது வால்வைச் சுருக்கி அனுப்பி உள்ளே விரியவிடுவார்களாம். இத்தனை சுலபமாகச் சொல்லப்படும் எதையும் நான் நம்புவதில்லை. நோவே இல்லாதவளுக்கு எதற்கு வைத்தியம்?

என்னிடம் சான்று இருந்தது. தினமும் மாலை நானும் அவளும் பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரி படகுத்துறை வரை நடப்போம். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், வழியில் நடந்தது எல்லாம் அன்றே டைரியில் ஏறிவிடும். ஒருநாள்கூட விடாமல் நடந்தவள் என்று காட்ட, மூன்று வருட டைரிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

மருத்துவர் மலையாளி; தமிழ் பேச வரும், படிக்க வராது. வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சுக்கு மண்டி வாசலில் ஆடு பார்க்க நின்றாள். மிளகுக் கிடங்கு முன்னால் செருப்பு வாரைச் சரிசெய்தாள். மறுநாளும் ஆடு. அதற்கு மறுநாளும்.

"ஆடு எல்லா நாளும் அதே எடத்துலதான் நிக்குமோ, சாரே?" என்று கேட்டார்.

தங்கை கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் நேரங்களைப் பார்த்தேன். முதல் டைரியில் பதினெட்டு நிமிடம். கடைசியில் முப்பத்தொன்று. எழுதினேனே தவிர, ஒருநாளும் கழித்துப் பார்த்ததில்லை.

"நீ எழுதணும்ல அண்ணா, அதான் மூச்சு வாங்க நின்னப்பல்லாம் ஒரு காரணம் சொன்னேன்" என்றாள். "மறுபடி நெஞ்சைத் தொறப்பாங்களோன்னு பயம்."

இப்படிப் பிறந்தவர்களுக்கு இளைப்பு மெல்ல மெல்ல ஏறும், அதுவே பழகிவிடும் என்றார் மருத்துவர். ஸ்கேனில் இதயத்தின் வலது அறை வீங்கியிருந்ததைக் காட்டினார். இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய் மிக அருகில் இருந்து, வால்வு அதை நெருக்கும் என்று தெரிந்தால், குழாய்வழி முறையைக் கைவிட்டு அறுவைக்கே போக வேண்டிவரும் என்பதையும் மறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தங்கை படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சோதித்ததில் அந்த ரத்தக்குழாய் தள்ளியே இருந்தது. வால்வு வைத்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அனுமதி கிடைத்ததும் நடக்கத் தொடங்கினோம். சுக்கு மண்டி வாசலில் நின்றாள்.

நான் ஆட்டைப் பார்க்கவில்லை. அவள் கழுத்துக்குழியைப் பார்த்தேன், பிறகு உதட்டின் நிறத்தை.

"என்ன அண்ணா, போலீஸ் மாதிரி பாக்குறே?"

அன்றைய டைரியில் எழுதினேன்: நின்றாள். மூச்சு வாங்கவில்லை. ஆடு குட்டி போட்டிருந்தது. இருபது நிமிடம், நாளையும் கழித்துப் பார்க்க வேண்டும்.