சுமத்ரா படகுக்குக் காத்திருந்த என் சம்பந்தி

வெள்ளிக்கிழமை காலை இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான செங்கிலிருந்து வந்த என் மகன் முருகேசன் சைக்கிளைச் சுவரில் சாய்க்கவில்லை. அப்படியே கீழே போட்டான்.

“அம்மா, அத்தை போயிட்டாங்க.”

அவன் மாமியார், என் சம்பந்தி நாகம்மா. மலாக்காவில் நம் கஜாபெராங்கில் உங்களில் பலருக்கு அவரை ‘மேடான் அம்மா’ என்றால்தான் தெரியும். சுமத்ராவின் மேடான் நகரத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கப்பலேறி இங்கு வந்தவர்.

எங்களுக்குள் எப்போதும் ஊர்ச் சண்டைதான்.

“உங்க மலாக்கா கெழவி, சம்பந்தி. பழைய நகையைக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு. எங்க மேடான் குமரி!”

“அப்புறம் ஏன் குமரிய விட்டுட்டு ஓடியாந்தீங்க?”

“கட்டிக் கொடுத்தாங்க, வந்தேன். ஓடியா வந்தேன்?”

சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்குமுன்னே ஒரு நாள் சொன்னார்: “காடா கெடந்த எடம். புகையிலை வந்துதான் ஊராச்சு. எங்க இலைய வெள்ளைக்காரன் சுருட்டுக்கு மேல சுத்துனான். அந்தக் காசுல வீதி போட்டான், தபால் ஆபீசு கட்டுனான். இலை பிரிச்ச எங்கம்மா கொட்டாயிலயே செத்துப்போனா.”

தாய் போனபின் தங்கை சின்னம்மாவைத் தூக்கி வளர்த்தவர் இவர்தான். அந்தத் தங்கை மேடானிலேயே தங்கிவிட்டாள். மலாக்கா ஆற்றில் சுமத்ரா படகு கட்டினால் போதும், நாகம்மா ஆற்றங்கரைப் பக்கம் பண்டார் ஹிலிருக்குக் கிளம்பிவிடுவார். வந்த சரக்கைப் பார்க்க மாட்டார். திரும்பிப் போகும்போது என்ன ஏற்றுகிறார்கள் என்றுதான் பார்ப்பார்.

“துணி ஏத்துனா அங்க ஜனங்க கையில காசு இருக்கு. அரிசி ஏத்துனா அடுப்பு எரியல” என்பார்.

தங்கைக்கு உடம்பு சரியில்லை, வந்து பார்க்கச் சொல்கிறாள் என்று ஒரு படகுக்காரர் சேதி கொண்டுவந்தபோது, என் மருமகள் செல்விக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. தாய் வீட்டில் பெற வேண்டிய பிள்ளை. “பிள்ளை பொறந்து தீட்டு கழியட்டும், போறேன்” என்றார். பேத்தி பிறந்தாள். அதற்குள் சுமத்ரா இருக்கும் இந்தோனேசியாவுக்கும் நம் மலேசியாவுக்கும் பகை மூண்டு படகுகள் நின்றுபோயின. பேத்தி தவழ்ந்தாள், நடந்தாள், “பாட்டி” என்று கூப்பிட்டாள். கடல் திறக்கவில்லை. பேத்தியைக் கொஞ்சும்போதும் அவர் கண் கலங்கியிருக்கும்.

சமாதானமாகிப் படகுகள் மறுபடி வந்தபோது அவர் படுத்த படுக்கை. முருகேசனை ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, என்ன ஏத்துறாங்க?”

“துணிதான் அத்தை. கட்டுக் கட்டா துணி.”

“அப்பச் சின்னம்மா நல்லா இருக்கா.”

வெளியே வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான் பிள்ளை. “அரிசிம்மா. அத்தனையும் அரிசி.”

கருமாதி முடிந்தது. அவர் சேலைகளைச் செல்வி எடுத்துக்கொண்டாள். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, முகமே பார்த்திராத அந்தத் தங்கையை. நேற்று நானே ஆற்றங்கரைக்குப் போனேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் மலாய் அரைகுறை. மேடான் பக்கத்துப் படகுக்காரர் ஒருவரிடம் சின்னம்மாவின் பெயரையும் தெருவையும் சொல்லி, இருக்கிறாளா என்று விசாரித்து வரச் சொன்னேன்.

உங்களுக்கு அவர் என்ன உறவு என்று கேட்டார்.

“ஆடேக் சாயா” என்றேன். என் தங்கை.