பதினெட்டா பதினாறா

என் வீட்டுக்காரருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கோயமுத்தூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மிஷின் வேலை எதுவும் இனி வேண்டாம் என்றார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மறுநாள் காலையில் பார்த்தால், மரம் அறுக்கும் மிஷினை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் கத்தினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மகளை விட்டு போனில் சொல்ல வைத்தேன். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "பாக்கலாம்."

போன ஆடியில் எங்கள் தோப்பில் எட்டுத் தென்னைகளுக்கு வேர்வாடல் நோய் வந்துவிட்டது. கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர்கள் வெட்டி எரித்துவிடச் சொன்னார்கள். ஆள் விட்டு வெட்டலாம் என்றேன். கொழிஞ்சாம்பாறையில் மரம் வெட்ட ஆளுக்கா பஞ்சம்?

"என்ற தோட்டத்து மரத்துக்கு எதுக்கு புள்ள வெளியாளு? மிஷினு நல்லாத்தான் இருக்குது. பாரும் செயினும் மட்டும் மாத்தோணும்."

பார் என்பது மிஷினின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பட்டை. அதன் விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும். பல் வைத்த செயின் அந்தப் பள்ளத்தில்தான் சுற்றும். இத்தனை வருஷம் கூட இருந்ததில் எனக்கும் இவ்வளவு தெரியும். மிஷின் கடையில் வைத்து ஏதாவது சொல்லித் தடுத்துவிடலாம் என்ற நப்பாசையில் நானும் கிளம்பினேன். ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். அதை மட்டும் எப்போதோ வாய் திறக்காமல் என்னிடம் விட்டுவிட்டார்.

கடைக்காரர் எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம். மிஷினை மேஜைமேல் வைத்து, பழைய பாரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பள்ளம் தேஞ்சிருக்குது, அது செரிங்க. முனை ஏனுங்கண்ணா இப்படிக் கருகிக் கெடக்குது? முனையில மரம் தட்டுச்சுங்களா?"

இவர் தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டுக்கொண்டார்.

"முனை தட்டுனா மிஷின் எகிறி மூஞ்சிக்கே வருமுங்களே. எகிறுச்சுங்களா?"

"ஒருக்கா."

ஒரு மாதத்துக்கு முன்னால் இடது தோளில் நீளமாக ஒரு காயத்தோடு வந்து, தென்னை மட்டை விழுந்து கிழித்துவிட்டது என்று சொன்னவர் இவர். நான் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, பாவம் மட்டையைத் திட்டிக்கொண்டிருந்தேன். கழுத்துக்கும் அந்தக் காயத்துக்கும் நான்கு விரல் தூரம்கூட இல்லை. அந்த இடத்திலேயே இவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

இவருக்கு விற்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் கடைக்காரர் கேட்டிருப்பார். ஆனால் பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள். இவர் வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்து மூடியிருந்தார். அந்தத் துண்டு லேசாக அசைந்துகொண்டே இருந்தது. நான் வாயைத் திறந்தால் அந்தத் துண்டை நானே இழுத்துப் போட்டது மாதிரி ஆகிவிடும். என்னால் முடியவில்லை.

"பதினெட்டு அங்குலமே போடு தம்பி. பழையது அதுதான்" என்றார் இவர்.

"இந்த மிஷினுக்குப் பதினெட்டும் ஓடுமுங்க. ஆனாத் தென்னைக்குப் பதினாறே தாராளம். எடையும் கம்மி, கைக்கும் அடங்கி நிக்கும். அக்கா, நீங்க சொல்லுங்க."

"எதுங்க தம்பி கம்மியா எகிறும்?"

அவர் இரண்டு பார்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றின் முனை அகலம், ஒன்றின் முனை குறுகல். குறுகல்தான் குறைவாக எகிறுமாம். செயினிலும் ஒரு ரகத்தில் பல்லுக்கு முன்னால் சின்னத் திட்டு வைத்திருக்கிறார்கள்; அது பல்லை ஒரேயடியாக மரத்தைக் கவ்வ விடாதாம். கூர்மூலைப் பல் வேகமாக அறுக்கும், ஆனால் தென்னை நாரில் சீக்கிரம் மழுங்கும்; மழுங்கினால் அழுத்த வேண்டி வரும். அழுத்தவே கூடாது, உருண்டை மூலைப் பல்லே போதும், பாரும் பதினாறே போதும் என்றேன். பள்ளத்தின் அகலமும் செயினின் கனமும் ஒத்துப்போகிறதா என்று இரண்டு தரம் கேட்டேன். கல்யாணப் புடவைகூட இவ்வளவு பார்த்து எடுத்ததில்லை. என் புருஷன் கழுத்துக்குப் பக்கத்தில் சுற்றப்போகும் சாமானை நானே பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது.

"இது போட்டா எகிறவே எகிறாதுங்களா?"

"அப்படிச் சொல்ல மாட்டனுங்க அக்கா. கம்மியா எகிறும்."

இவர் என்னைப் பார்த்தார். "செரி, அவ சொல்ற பதினாறையே போடு. எனக்குத் தொட்டில்ல போட்டு ஆட்டற மிஷினாப் பாக்கறா." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பாரை மாட்டி, செயினைக் கோத்த பிறகு, இறுக்கம் பார்க்கச் சொல்லிக் கடைக்காரர் ஸ்பேனரை இவரிடம் நீட்டினார். யார் மிஷினோ அவர்தான் கடைசி முறுக்கு முறுக்குவது அந்தக் கடையில் வழக்கம். இவர் துண்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். ஸ்பேனர் நட்டில் உட்காரவில்லை. மூடியில் தட்டித் தட்டிக் கடகடவென்று சத்தம் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு, "கண்ணு செரியாத் தெரியல, நீயே முறுக்கு புள்ள" என்றார். நான் முறுக்கினேன். செயின் தொங்கவும் இல்லை, இறுகவும் இல்லை. அவ்வளவு சரியாகச் செய்துவிட்டேனே என்று வீடு வரும்வரை என்மேலேயே கோபமாக இருந்தது.

மறுநாள் காலை தோப்புக்குக் கூடவே போனேன். "தள்ளி நில்லு" என்றார். தள்ளி நின்றேன். கயிற்றை நான்கு தடவை இழுத்த பிறகு மிஷின் பிடித்துக்கொண்டது. மிஷினோடு சேர்ந்து இரண்டு கைகளும் தோளும் சட்டையும் எல்லாமே அதிர்ந்தன. அந்த அதிர்வில் எது மிஷினின் நடுக்கம், எது இவர் நடுக்கம் என்று எனக்கே தெரியவில்லை. இவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். கை நடுங்க ஆரம்பித்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

ஏன் இந்த மிஷினை விட மாட்டேன் என்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் மரம் சாய்ந்தது. இன்னும் ஏழு மரம் இருந்தது.