மருந்துப் பெட்டி மேலே, அரிசி மூடை கீழே

“பிள்ளே, இது அரிசி மூடையாக்கும், பீரங்கி இல்ல. கப்பல் சண்டையப் படிச்சவ வந்து எனக்குப் பாரம் ஏத்தப் படிப்பிக்காண்டாம்!”

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் கழிந்த ஓர் இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், திருவனந்தபுரம் வேளிக் காயல் கரையில், சாலைக் கடைத்தெரு அரிசி வியாபாரி ஒருவர் எல்லோர் முன்னிலும் என்னிடம் சொன்னது இது. காயலுக்கு அப்பால் ஒரு கடலோரக் குடியிருப்பு மூன்று நாளாக வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. பொருள்களும் அவற்றைக் கொண்டுபோக இரண்டு வள்ளங்களும் அவர் தந்தவை. உதவிக்குக் கல்லூரி மாணவிகள் நாங்கள் சிலரும் ஒரு நர்ஸம்மாவும் வந்திருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அந்த வியாபாரியிடம்தான் மூடை சுமந்தார்; அன்று வள்ளத்தில் பாரம் ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். கப்பற்படை அந்நியக் கரையில் இறங்கும் விதத்தை வரலாற்றுப் பாடத்துக்காகப் படித்திருந்தேன். சண்டையிடுகிறவர்கள் தவிர, கரையை ஒழுங்குபடுத்தவென்றே தனிக் குழு ஒன்று உண்டு. படகு ஒதுங்கும் இடத்தைக் குறிப்பதும், கூட்டம் சேராமல் பார்ப்பதும் அதன் வேலை. இறங்கியதும் தேவைப்படுவதைக் கப்பலில் கடைசியாக, மேலே இருக்கும்படி ஏற்றுவார்கள்.

இங்கேயோ, நனையாமலிருக்க மருந்துப் பெட்டியை அடியில் வைத்து மேலே மூடைகளை அடுக்கியிருந்தார்கள். பாடத்தில் படித்ததைச் சொல்லி, மாற்றி ஏற்றச் சொன்னேன். அதற்குத்தான் அந்தப் பேச்சு. நான் பிடிவாதம் பிடித்தால் அப்பாவின் வேலை போகலாம் என்று எனக்குத் தெரியும். அப்பா மேல் மூடையைத் தூக்கித் தோளில் வைத்து இறக்கத் தொடங்கினார். வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் வள்ளத்தில் நர்ஸம்மாவும் வியாபாரியும், கயிறும் சிவப்புத் துணி கட்டிய மூங்கிலுமாக நானும் என் தோழியும் போனோம். அக்கரையில் ஜனங்கள் முழங்கால் சேற்றில் வள்ளத்தை நோக்கி ஓடி வந்தார்கள். மூங்கிலை நட்டு, கயிறு பிடித்து, ஓர் ஆள் செல்லும் வழி மட்டும் விட்டோம். ஒரு தாய் துவண்ட குழந்தையோடு வந்தாள். வயிற்றுப்போக்கு. மேலேயே இருந்த பெட்டியை நர்ஸம்மா உடனே திறந்தாள். மருந்து கொடுத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். நெடுநேரம் கழித்துக் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்குக் கரையே சிரித்தது.

அரிசி பொங்கக் காய்ந்த விறகு ஏற்ற மறந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக வள்ளம் திரும்பிப் போக வேண்டியிருந்தது. புறப்படுமுன் வியாபாரி என்னருகில் வந்து, “விறகு சரி. வேற என்னவெல்லாம் ஏத்தணும்? நீயே சொல்லு பிள்ளே” என்றார். சத்தமாகச் சொன்னேன்.

நான் படித்த படிப்பு ஓர் உயிருக்கு உதவியதைக் கண்ணால் கண்ட நாள் அது. இப்போது வரலாற்று முதுகலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆய்வுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் பொருள், கடற்படைகள் கரையிறங்கும் முறை.