முகத்தை வெட்டிய கண்காட்சி

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு ஸ்டூடியோவில் கலியாணப் படமும் அடையாள அட்டைக்கான படமும் எடுப்பதுதான் என் தொழில். ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் ஒரு சங்கத்தின் மண்டபத்தில் ஆறு பெண்களுக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். மூத்தவர் மன்னாரைச் சேர்ந்தவர்; பெரிய அலுவலகம் ஒன்றில் விடியற்காலையில் துப்புரவு வேலை. நான் அவரை அக்கா என்பேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது கூடியவர் என்றாலும் அவர் என்னை ரீச்சர் என்றே கூப்பிடுவார்.

ஒருநாள் அவர் கேட்டார்: "படமெடுக்கிறவள் படத்துக்குள்ளை நிக்கேலாதோ, ரீச்சர்?"

பொத்தானை அழுத்திப் பத்து விநாடி கழித்துத் தானாகப் படம் விழும்படி கமெராவில் நேரம் வைப்பது எப்படி என்று காட்டினேன். அடுத்த கிழமை அவர் கொண்டுவந்த படத்தைச் சுற்றி வகுப்பே கூடிவிட்டது. அலுவலகத்தின் கூட்ட அறை. கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் அப்போதுதான் வருகிறது. நீள மேசையின் தலைமாட்டில், முதலாளியின் கதிரையில், நீல மேலங்கியோடு அவர். கையுறை போட்ட கைகள் மேசைமேல். பக்கத்தில் வாளி. கண்கள் நேராக எங்களைப் பார்த்தன.

"நாலாந்தரம்தான் சரிவந்தது. மூண்டு தரமும் ஓடிப்போய் இருக்கிறதுக்குள்ளை படம் விழுந்திட்டுது," என்று சிரித்தார்.

சங்கத்தில் கண்காட்சிகளுக்குப் பொறுப்பான பிரெஞ்சுப் பெண்மணிக்கும் அந்தப் படம் பிடித்தது. கொஞ்சம் ஓரம் வெட்ட வேண்டியிருக்கும் என்றார். நான் தலையாட்டினேன். எவ்வளவு என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

திறப்பு நாளன்று அக்கா சேலை உடுத்து, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சுவரில் இரண்டு கைகளும் ஒரு வாளியும் தொங்கின. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. கீழே சிறிய அட்டையில் தலைப்பு: 'கண்ணுக்குத் தெரியாத கைகள்'. எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயரற்ற துப்புரவுத் தொழிலாளி'.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார் இவரைக் கண்ணுக்குத் தெரியாதவராக ஆக்கியது? கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது? பொறுப்பாளரைத் தேடிப் போய்க் கேட்டேன். வேலையிடத்தில் அவருக்குச் சிக்கல் வராமல் பாதுகாக்கத்தான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, முகம் இல்லாவிட்டால்தான் படம் மனதைத் தொடும் என்றும் சொன்னார்.

அக்கா மகளிடம் பிரெஞ்சில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாதுகாக்கச் சொல்லி நான் கேட்டனானோ? எனக்குப் பேர் இருக்கு, ரீச்சர். என்ரை கார்ட்டிலையும் கிடக்கு, சம்பளத் துண்டிலையும் கிடக்கு. இஞ்சை மட்டும் ஏன் இல்லை? அவவுக்குச் சொல்லுங்கோ."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பதில் வருமுன்னே அக்கா கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, அட்டையில் 'பெயரற்ற துப்புரவுத் தொழிலாளி' என்றிருந்ததைக் கோடு போட்டு வெட்டிவிட்டுத் தன் முழுப் பெயரையும் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதினார். மகள் கைதட்டினாள். வந்திருந்தவர்கள் சிலர் வைன் கிளாசைப் பிடித்தபடி வேறு படங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மறுநாள் தொலைபேசியில் பொறுப்பாளர், அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கேட்க வேண்டியவர் நீங்கள்தான் என்றேன். அந்தக் கிழமையே மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள்.

வெட்டாத படத்தைப் பெரிதாக அச்சடித்து எங்கள் ஸ்டூடியோ கண்ணாடியில், மணப்பெண்களின் படங்களுக்கு நடுவே மாட்டினேன். ஸ்டூடியோ முதலாளி முணுமுணுத்தார், கழற்றச் சொல்லவில்லை. ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் ஞாயிறு பின்னேரம் கடை பூட்டியிருக்கும் நேரத்தில் வகுப்புக்கு இடம் தந்தார். முதல் நாள் நாலு பேர்தான் வந்தார்கள். ஒருத்தியை, வெள்ளையளோடை ஏன் பிரச்சினை என்று கணவர் மறித்துவிட்டாராம். அக்காவுக்கு அன்று மேலதிக வேலை. அடுத்த ஞாயிறு வந்தார். வேலையிடத்தில் கூட நிற்கும் இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு.