திரும்பி வரக்கூடாத டிராக்டர்

டிராக்டரை விற்பது பெரிய காரியமே இல்லை. விற்ற டிராக்டர் கடைக்குத் திரும்பி வராமல் பார்த்துக்கொள்கிறோமே, அதுதான் உத்தியோகம். தையல் மெஷினோ ரேடியோவோ விற்றுவிட்டு, வாங்கினவர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் பாடு புரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் ஒரு டிராக்டர் கடையில் மெக்கானிக்காக இருந்தேன். கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயி லூர்துசாமி ஆசைப்பட்டு ஒரு வண்டி கேட்டார். அவர் மனைவி ஆரோக்கியமேரி அக்காவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. விற்கிற அவசரத்தில் எங்கள் முதலாளி, "கடலை வெதைப்பு முடியட்டும்மா. அப்பவும் புடிக்கலேன்னா வண்டியை நாங்களே திருப்பி எடுத்துக்கறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா விவரமானவர். உழவு மாடுகளை விற்க விடாமல் கொட்டகையிலேயே கட்டி வைத்துக்கொண்டார். முதலாளி என் பக்கம் திரும்பி, "வண்டி திரும்பி வந்தா, நீ வராத!" என்றார்.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வண்டியோடு நானும் அந்த ஊருக்குக் கிளம்பினேன்.

மேலே, கீழே

லிவரை இழுத்தால் பின்னாலிருக்கும் கலப்பை தானாக மேலே எழும், தள்ளினால் இறங்கும். இந்த ஹைட்ராலிக் வித்தையைப் பார்க்க ஊரே திரண்டுவிட்டது. லூர்துசாமிக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினார், இறக்கிக் காட்டினார், குழந்தை அழுதால் அதற்கும் ஒரு தடவை தூக்கிக் காட்டினார். உச்சி வெயில் ஏறியும் ஒரு சால்கூட ஓடவில்லை. கஞ்சித் தூக்கோடு வந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"நல்லாத்தான் குதிக்குது. இந்நேரம் எங்க மாடுங்களா இருந்தா பாதிக் காட்டை ஓட்டிட்டு, தண்ணி குடிக்க வந்திருக்குமுங்க!"

வரப்பு வந்தால்

மறுநாள் ஒருவழியாக உழவு ஆரம்பமானது. வரப்பு வந்ததும் லூர்துசாமி வண்டியை நிறுத்தினார், குதித்து இறங்கினார், பின்னால் ஓடினார், கலப்பையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் பார்த்தார். காலமெல்லாம் மரக்கலப்பை தூக்கிய கையல்லவா! "அண்ணே, லிவரு எதுக்குண்ணே இருக்கு?" என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது. ஒவ்வொரு வரப்பிலும் இதே கூத்து. கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் தெரியுதுங்க. அது பாரம் தூக்க, நான் சும்மா குந்திக்கினு பாக்க, மனசு ஒப்பலீங்க."

வடை வாசனை

விதைக்கிற நேரத்தில் நல்ல மழை விழுந்தது. கூடவே, கலப்பை மேலே எழும்பவில்லை என்று எனக்கு ஆளும் வந்தது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். முதலாளியிடம் என்ன சொல்லி அழுவது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துவிட்டேன்.

வண்டியின் எண்ணெய் மூடியைத் திறந்தேன். குப்பென்று வடை சுடுகிற வாசனை! லூர்துசாமி, "அந்தோணியார் மேல சத்தியமா நான் எதையும் தொடலீங்க" என்று பதறினார். அவருக்குப் பின்னால் அக்கா ஒரு பித்தளைச் செம்பை முந்தானையில் மறைத்துக்கொண்டிருந்தார். ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்துபோய் வண்டி முனகியிருக்கிறது. அக்கா தானே வைத்தியம் பார்த்துவிட்டார்.

"ரெண்டு நாளா முனகிக்கிட்டே கெடந்துச்சுங்க, கேக்க முடியல. செக்குல ஆட்டுன கடலை எண்ணெய்தான் ஊத்தினேன். கலப்படமே இல்லீங்க!"

கெடு முடிந்த அன்று

அத்தனையையும் வடித்து, வடிகட்டியைக் கழுவி, சரியான எண்ணெய் ஊற்றி லிவரை இழுத்தேன். கலப்பை ஜம்மென்று எழுந்தது. அக்கா கைதட்டிச் சிரித்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. அந்த ஈரத்திலேயே உழுது விதைத்தும் முடித்தார்கள்.

ஆனாலும் முதலாளி கொடுத்த வாக்கு இருக்கிறதே! கெடு முடிந்த அன்று போய், "வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிரட்டுங்களாக்கா?" என்றேன். சாணி வழித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து முறைத்தார்.

"எங்க எடுத்துக்கிட்டுப் போறது? எங்க வூட்டு எண்ணெயைக் குடிச்ச வண்டிங்க அது!"

என் வேலையைக் காப்பாற்றியது ஒரு செம்பு கடலை எண்ணெய் என்பதை, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்த முதலாளியிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை.