ஏழுமுகட்டு மந்திரவாதிகள் ஏன் இறங்கி வரவில்லை

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு டிடிபி கடையில் ஆறு வருஷம் டைப் அடித்தேன். ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். கடைக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் கடையில் ஒரே சட்டம்தான்: அடிக்கலாம், படிக்கக் கூடாது. படித்தால் கை வேகம் குறைந்துவிடும். உண்மைதான். நெற்பயிரில் வரும் குலைநோய் பற்றி முந்நூறு பக்கம் அடித்திருக்கிறேன். அதில் ஒரு வரி கேட்டாலும் எனக்குத் தெரியாது. கண் பார்க்கும், விரல் அடிக்கும், மூளை சும்மா உட்கார்ந்திருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அகலப் பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்திவிட்டு, ஊரே பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை காலை, நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலை, வீடு கடலூரில், கிள்ளையில் இருக்கும் அம்மாவைப் பார்க்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்த வழியாகப் போகிறவர்.

“நான் எழுதலம்மா. எங்க வீட்ல எழுதுறாங்க” என்றார். மனைவியைச் சொல்கிறார்.

“கடலூர்ல கடையே இல்லியா சார்?”

“அங்க தெரிஞ்ச முகம் ஜாஸ்தி. இவுங்களுக்குக் கூச்சம்.”

முதல் பக்கத்திலேயே என் மூளை எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஏழுமுகடு என்று ஒரு மலை நாடு. ஏழு சிகரம், சிகரத்துக்கு ஒரு மந்திரவாதி. ஆள்வது அவர்கள்தான், ஆனால் ஒருவரும் கீழே இறங்கி வந்ததில்லை, முகத்தை யாரும் பார்த்ததில்லை. வரி மட்டும் தவறாமல் வசூலாகும். நெல்லோ காசோ இல்லை. வருஷத்துக்கு வீட்டுக்கு ஒரு சத்தம். தண்டல்காரன் மண் கலயத்தோடு வாசலில் வந்து நிற்பான். கலயத்துக்குள் ஒரு சத்தத்தைப் போட்டுத் துணியால் கட்டிவிட்டால், அந்தச் சத்தம் அதற்கப்புறம் அந்த வீட்டில் கேட்காது.

சனங்கள் லேசுப்பட்டவர்களா? கதவின் கிறீச்சைக் கொடுத்தார்கள். மாமியாரின் குறட்டையைக் கொடுத்தார்கள். ஒருவன் மட்டும் பெண்டாட்டியோடு நடந்த சண்டையில், அவள் தங்கள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தத்தைக் கலயத்தில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டான். அம்மா வாயைத் திறக்கிறாள், பெயர் வரவில்லை. மகள் அதைத் திரும்ப வாங்கிவர மலை ஏறுகிறாள்.

எங்கள் பக்கம் மலை கிடையாது. உயரம் என்றால் கோபுரம்தான். எழுதியவரும் மலையைப் பார்த்திருக்க மாட்டார் என்று இரண்டாம் நோட்டிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் நிற்பதுபோல மலைவாசலில் கலய வண்டிகள் வரிசையில் நின்றன, வண்டிக்காரர்கள் அடியில் துண்டு விரித்துத் தூங்கினார்கள். ஆனால் சத்தங்கள் மட்டும் அப்படியொரு துல்லியம். ஈர வேட்டியை உதறும் சத்தத்துக்கும் ஈரப் புடவையை உதறும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அரைப் பக்கம் எழுதியிருந்தார். அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய் இரண்டையும் உதறிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இந்த மந்திரவாதிகள் ஏன் வெளியே வருவதில்லை? அவ்வளவு சத்தத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? பஸ்ஸில் நிற்கும்போதும் இதே யோசனைதான். அண்ணன் ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, மாட்டுவண்டி மாதிரி போகுது?” என்றார்.

அந்த ஆர்வத்தில்தான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். கதையில் ஓர் ஏழைப் பெண் வீட்டில் கொடுக்கச் சத்தமே இல்லை என்று கையைப் பிசைகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. ‘பால் பொங்கி அடுப்பில் விழும் சுர்ரைக் கொடுத்தாள்’ என்று நானே ஒரு வரி சேர்த்து அடித்துவிட்டேன். டைப் அடிக்கிறவள் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் சீட்டுக் கிழிந்துவிடும். திருத்தம் பார்க்க அவரிடம் கொடுத்தனுப்பிய புரூஃப் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தது. அந்த வரியை வெட்டவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில், ‘இது நான் எழுதியதில்லை. இருக்கட்டும். எங்கே கேட்டீர்கள்?’ என்று இருந்தது.

‘எங்கள் வீட்டில், தினமும். என் கவனம் அடுப்பில் இருப்பதில்லை’ என்று அடியில் எழுதி அனுப்பினேன். அதிலிருந்து ஒவ்வொரு புரூஃபின் ஓரத்திலும் எங்களுக்குள் பேச்சு நடந்தது. என்னிடம் நிறைய விசாரிப்பார்: ஜெராக்ஸ் மெஷின் எப்படிச் சத்தம் போடும், புது பஸ்ஸின் ஹாரன் பழையது மாதிரிதானா. நான் பதில் எழுதுவேன். நான் மந்திரவாதிகளைப் பற்றி விசாரித்தால் மட்டும், ‘பொறுங்கள்’ என்று ஒரே வார்த்தை.

மூன்றாம் நோட்டின் கடைசி வரி: ‘அவள் முதல் சிகரத்தின் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டாள்.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு நோட்டு வரவில்லை. கடைசிப் பக்கங்களின் புரூஃப் என்னிடமே கிடந்தது. அவர் கணவர் வந்தார், கை வெறுங்கையாக இருந்தது.

“எழுத மாட்டேங்குறாங்கம்மா. முடிவைப் படிச்சா ஆளுங்க சிரிப்பாங்களோன்னு பயப்படுறாங்க.”

“போன் நம்பர் குடுங்க சார், நான் பேசுறேன்.”

“போன்லாம் வேணாம்மா. எதுன்னாலும் எழுதிக் குடு. அவுங்களுக்கு அதான் தோதுப்படும்.”

எனக்குச் சுருக்கென்றது. அப்படியென்ன பெரிய இது, போனில்கூடப் பேச மாட்டார்களா?

அடுத்த மாதம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்கக் கடலூர் போனேன். வேலை பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. நோட்டு அட்டையில் இருந்த விலாசம் மனப்பாடம். மஞ்சக்குப்பத்தில் ஒரு சந்து, நீலக் கேட், தெருவில் ஒரு ஆள் இல்லை. கேட்டுக்கு நேராக ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒரு பெண் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். தோளோரமாகப் பேனா ஓடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எழுதுகிறார்! சந்தோஷம் தாங்கவில்லை.

“அக்கா!” என்றேன். பேனா நிற்கவில்லை. “அக்கா, சிதம்பரத்துலேர்ந்து வர்றேன்!” மூன்று தடவை பலமாகக் கைதட்டினேன். தோள்கூட அசையவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பிச்சைக்காரி வந்து நின்றாலாவது ‘போ’ என்று சொல்லத் திரும்புவார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில்தான். இல்லை, அவமானத்திலும்தான்.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் மூன்றாம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திரையில் எடுத்தேன். அந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு வாக்கியம் அடித்தேன்: ‘மந்திரவாதி திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் ஒருத்தி தொண்டை கிழியக் கூப்பிடுவது தெரிந்தும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அளவுக்கு அவர்களுக்குத் தலைக்கனம்.’ அச்செடுத்து, அடுத்த முறை வந்தவரிடம் கொடுத்தனுப்பினேன். அன்று மத்தியானம் சாப்பாடு ருசித்தது.

இரண்டு வாரம் கழித்து அதே தாள் வந்தது. என் வரிகள் அப்படியே இருந்தன. அடியில் சிவப்பு மை:

‘முதல் வாக்கியம் சரி. இரண்டாவது தவறு. மந்திரவாதிகளுக்குக் காது கேட்காது. அதனால்தான் வீடு வீடாகச் சத்தம் வசூலிக்கிறார்கள். யாராவது கூப்பிட்டு, தெரியாமல் நின்றுவிடுவோமோ என்ற பயத்தில்தான் கீழே இறங்குவதில்லை. இதுதான் முடிவு. சிரிக்காதீர்கள்.’

நான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன்.

“சார், அக்காவுக்கு...”

“எட்டு வருஷமாச்சும்மா. ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு. மெஷின் வெச்சுப் பாத்தோம், சரிப்படல. கோயிலுக்குக்கூட இப்பலாம் வர்றதில்ல, பாட்டு முடிஞ்சது தெரியாம நின்னுட்டாங்களாம் ஒரு நாள். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க.”

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. புது ஹாரன் பழையது மாதிரிதானா என்று விசாரித்த மனுஷி. இத்தனை புரூஃப் பார்த்தும், அடிக்கிறவளுக்குத் தோன்றவில்லையே! அவரைக் கொஞ்சம் உட்காரச் சொன்னேன். கம்ப்யூட்டரைத் தொடாமல் பேனாவை எடுத்து, அந்தத் தாளின் பின்பக்கம் என் கையாலேயே எழுதினேன்:

‘அக்கா, இந்த வருஷத்து வரி. போன மாதம் ஒரு மத்தியானம் உங்கள் கேட்டில் நின்று மூன்று தடவை கைதட்டினேன். வெயிலில் உள்ளங்கை வியர்த்திருந்ததால் முதல் இரண்டும் நசநசவென்று மழுங்கலாக வந்தன. மூன்றாவது மட்டும் பளீரென்று எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் சிரிக்கவில்லை.’

அவர் அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிள்ளை பஸ்ஸைப் பிடிக்கப் போனார். எனக்கு அந்தப் பதினாலு நாளும் வேலையே ஓடவில்லை. அண்ணன் இரண்டு தடவை சத்தம் போட்டார்.

நான்காம் நோட்டு வந்தது. முதல் வரியை அங்கேயே நின்றபடி படித்தேன்: ‘தரையில் ஒரு நிழல் விழுவதைக் கண்டு மந்திரவாதி திரும்பினார்.’ அட்டையின் உள்பக்கம் பென்சிலில் எனக்கென்று தனியாக எழுதியிருந்தது. ‘கேட் பூட்டுவதில்லை. கைதட்ட வேண்டாம். நாலு மணிக்கு மேல் வாருங்கள், அப்போது ஜன்னலில் வெயில் இருக்கும்.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். நீலக் கேட்டைத் திறந்து உள்ளே போய், ஜன்னலை மறைத்து நின்றேன். எழுதிக்கொண்டிருந்த பக்கத்தின் மேல் என் நிழல் விழுந்தது. அக்கா பேனாவை மூடிவிட்டுத் திரும்பினார்கள்.