அம்மா வடிகட்டிய தண்ணீர்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் இந்தச் சிறு நகரத்தில் ஒரு தயிர் டப்பாவைக்கூட அப்படியே தூக்கி எறிய முடியாது. மேல்மூடியை முழுதாகக் கிழித்தெடுத்து, டப்பா வேறு மூடி வேறாக, மறுசுழற்சிக் குப்பைக்கான மஞ்சள் பையில் போட வேண்டும். வந்த புதிதில் நான் போட்ட டப்பாவைப் பக்கத்து வீட்டு பிரிகிட்டே வெளியே எடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் செய்து காட்டினார். "இந்தியாவில் இதெல்லாம் கிடையாதா?" என்றும் கேட்டார். "எங்கள் வீட்டில் எறிவதற்கே ஒன்றும் இருக்காது" என்றேன் அரைகுறை ஜெர்மனில். வறுமையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மறுநாள் ஒரு கேக்கோடு வந்து நின்றார்.

நான் சொன்னது அம்பத்தூர் வீட்டைப் பற்றி. எண்பதுகளின் கடைசியில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தோம். அம்மா அரிசி கழுவிய தண்ணீரை எதிர்வீட்டு மாட்டுக்கு ஊற்றுவாள். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். பழைய புடவை ஜன்னல் திரையாகி, பிறகு கரித்துணியாகும். கடைக்குக் கிளம்பினால் கையில் ஒயர் கூடை. இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டென்று எங்களுக்குத் தெரியாது.

ஒரு கோடையில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகத் தொடங்கியது. தெருக்கோடியில் இருந்த முலாம் பூசும் பட்டறையின் கழிவு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அம்மா பேசவில்லை. வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினாள், கொதிக்க வைத்தாள், மறுபடி வடிகட்டினாள். தங்கையின் கையெல்லாம் தடித்துச் சிவந்தபோதும் இன்னொரு மடிப்பைத்தான் கூட்டினாள். அப்பா தம்ளரைப் பார்க்காமலே குடிப்பார். அவர் வேலை செய்தது அந்தப் பட்டறையில்தான்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்தார். "இன்னா கஸ்தூரி, நீ இங்க வடிகட்டிகினே கீற, அவன் அங்க வுட்டுகினே கீறான். எத்தினி நாளிக்கு? நாளிக்குக் காலைல எல்லாரும் பட்டறை கேட்டாண்ட போறோம், வா."

"எங்கூட்டுக்காரரு உள்ள கீறாரு ஸ்டெல்லா. நான் எப்டி வந்து நிக்கிறது?"

"உம் பொண்ணு கைய ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லு."

மறுநாள் அம்மா போனாள். நாங்களும் போனோம். காலிக் குடங்களை வரிசையாக வைத்து, பட்டறை வாசலில் முப்பது பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். லாரிகள் நின்றன. மதியத்துக்குள் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கழிவை வெளியே விடும் குழாயே கிடையாது என்று முதலாளி சாதித்தார். அதிகாரி சுற்றிப் பார்த்தார், எதுவும் தென்படவில்லை. ஜீப்பில் ஏறப் போனவரை, தொழிலாளர் கூட்டத்திலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"சார், இங்க கீது பாருங்க."

அப்பா. கையில் கடப்பாரை. யாரும் தடுப்பதற்குள் சுவரோரம் கிடந்த கருங்கல் பலகையை நெம்பிப் புரட்டினார். அடியில் குழாய், அதில் மஞ்சள் தண்ணீர்.

வீடு திரும்பும்போது அம்மா கேட்டாள்: "ஏங்க சொன்னீங்க? இனிமே வேலை?"

"அத்தினி பேரோட நீ வெளிய உக்காந்துகினு கீற. நான் மட்டும் எப்டி உள்ள நிக்கிறது?"

குழாயை அடைத்தார்கள். அப்பாவுக்கு வேலை போனது. தொழிற்பேட்டையில் வேறு எவரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் முகப்பேரில் ஒரு பள்ளி வேனை ஓட்டினார். எங்கள் கிணறு தேறவேயில்லை. ஆனால் கழிவு இன்னும் எட்டாதிருந்த கீழ்த்தெருக் கிணறுகள் பிழைத்தன. ஸ்டெல்லா அக்கா முதல் குடத்தை அங்கிருந்து எங்களுக்குத்தான் கொண்டுவந்தார்.

போன வசந்தத்தில் பிரிகிட்டே கதவைத் தட்டினார். பக்கத்து ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்கப் போகிறார்களாம், அதை எதிர்த்து ஊரே சாலையில் உட்காரப் போகிறதாம். நான் தயங்கினேன். விசா பயம். "நான் எல்லாவற்றையும் சரியாகப் பிரித்துத்தான் போடுகிறேன், கார்கூட வைத்துக்கொள்ளவில்லை" என்றேன். "தெரியும். வருகிறாயா என்றுதான் கேட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னவுடன் எனக்கு வெட்கமாகிவிட்டது. அம்மாவின் வடிகட்டும் துணியை நானும் இத்தனை வருடம் மடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

போனேன். புரியாத முழக்கங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது முகப்பேரிலிருந்து அம்மாவின் போன் வந்தது. இப்போது அவளுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

"எங்க கீற? ஒரே சத்தமா கீது?"

"ரோட்ல உக்காந்துகினு கீறேம்மா. எல்லாரோடயும்."

அம்மா அவசரமாகச் சொன்னாள்: "எப்போ ஊருக்கு வந்தே? சொல்லவேயில்லயே! அங்கயே இரு, தங்கச்சிய வண்டி எடுத்துனு வரச் சொல்றேன்."

இல்லையம்மா, இது ஜெர்மனி ரோடு என்று திருத்தாமல், "சரிம்மா, இங்கயே கீறேன்" என்றேன்.